7 லட்சம் பட்ஜெட், ஒரு பிணம், திருடுபோன கேமரா... 'ஜானே பி தோ யாரோ' உருவான கதை!

மேடையில் மகாபாரத நாடகம். துகிலுரியும் காட்சி. ஆனால் புடவைக்குள் இருப்பது திரௌபதி இல்லை, செத்துப்போன மாநகராட்சி கமிஷனர்! அந்தப் பிணத்தைக் கைப்பற்ற ஆளாளுக்குக் கிடைத்த வேஷத்தை மாட்டிக்கொண்டு மேடையேற, கௌரவர் சபைக்குள் சம்பந்தமே இல்லாமல் முகலாயப் பேரரசர் அக்பரும் வந்து நிற்பார்.

இந்தி புரியாதவர்கள்கூட யூடியூபில் இந்த க்ளிப்பைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். 1983-ல் வெளியான 'ஜானே பி தோ யாரோ' படத்தின் கிளைமாக்ஸ் இது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'அட, விட்டுத் தள்ளுங்கப்பா'.

படத்தின் இயக்குநர் குந்தன் ஷா, புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அவருடைய நண்பர்கள் இருவர் ஹைதராபாத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ திறந்து, அதை ஓட்ட முடியாமல் அல்லாடினார்கள். அவர்கள் சொன்ன கதைகள்தான் திரைக்கதைக்கு விதை. படத்திலும் ஹீரோக்கள் இரண்டு அப்பாவி போட்டோகிராபர்கள், நஸீருதீன் ஷாவும் ரவி பாஸ்வானியும். பூங்காவில் எடுத்த ஒரு போட்டோவைப் பெரிதுபடுத்திப் பார்க்கும்போது, அதில் ஒரு கொலை பதிவாகியிருப்பது தெரிகிறது. மேம்பால கான்ட்ராக்ட், லஞ்சம், பில்டர்கள் மோதல் என்று அங்கிருந்து கதை எகிறுகிறது.

இரண்டு ஹீரோக்களின் கேரக்டர் பெயர்களே ஒரு உள்குத்து ஜோக். வினோத் சோப்ரா, சுதிர் மிஸ்ரா. இரண்டும் அந்தப் படத்திலேயே வேலை பார்த்தவர்களின் பெயர்கள்! சுதிர் மிஸ்ரா பின்னாளில் இயக்குநரானார். தயாரிப்பு வேலைகளைக் கவனித்த விது வினோத் சோப்ரா, 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்', '3 இடியட்ஸ்' படங்களின் தயாரிப்பாளரானார். நம்மூரில் 'வசூல்ராஜா'வும் 'நண்பன்'னும் வந்தது அவற்றிலிருந்துதான்.

காசு இல்ல, ஆனா...

மொத்த பட்ஜெட் சுமார் 7 லட்சம் ரூபாய். அன்றைய கணக்குக்கும் இது ரொம்பக் குறைவு. மகாபாரதக் காட்சியில் துச்சாதனனாக நிற்பவர் யார் என்று உற்றுப் பாருங்கள், அதே விது வினோத் சோப்ரா! தனியாக ஒரு நடிகரைப் போட்டால் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே? படத்தில் நஸீருதீன் கையில் இருந்த கேமராவும் அவருடைய சொந்தக் கேமராதான். படப்பிடிப்பில் அதையும் யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள்.

எடுத்ததும் கொஞ்சநஞ்சமில்லை. எடிட்டர் ரேணு சலூஜா மேஜையில் நிறைய காட்சிகள் வெட்டப்பட்டன. 'டிஸ்கோ கில்லர்' என்ற கூலிக் கொலைகாரனாக நடித்த அனுபம் கெரின் பகுதி மொத்தமாகவே போனது. அது மட்டும் தப்பியிருந்தால், 'சாரான்ஷ்' வருவதற்கு முன்பே அவரைத் திரையில் பார்த்திருப்போம்.

ஆனால் நடிப்பில் எந்தச் சிக்கனமும் இல்லை. பங்கஜ் கபூர், ஓம் புரி, சதீஷ் கௌஷிக், நீனா குப்தா, பக்தி பர்வே என்று பட்டியல் நீளம். என் ஓட்டு சதீஷ் ஷாவுக்குத்தான். உயிரோடு இருக்கும்வரை லஞ்சத்தில் ஊறிய கமிஷனர். செத்த பிறகுதான் அவருடைய உண்மையான நடிப்பே ஆரம்பம். பாதிப் படத்துக்குப் பிணமாக வந்து சிரிக்கவைப்பது லேசுப்பட்ட விஷயமா? அவர் படுத்திருக்கும் சவப்பெட்டியை ரிப்பேரான கார் என்று நினைத்து, குடிபோதையில் ஓம் புரி பேச்சுக் கொடுக்கும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள்.

அரசாங்கக் காசில் எடுத்த படம்

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், பணம் போட்டது யார் என்பது. மத்திய அரசின் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம், அதாவது என்.எஃப்.டி.சி! அந்தக் காசில் குந்தன் ஷா காட்டியது என்ன? கமிஷனர் லஞ்சம் வாங்குகிறார். பில்டர்கள் கொலை செய்கிறார்கள். ஊழலை அம்பலப்படுத்துவதாகச் சொல்லும் பத்திரிகை ஆசிரியர், ஆதாரத்தை வைத்து பேரம் பேசுகிறார். (பத்திரிகைத் தொழிலில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது கொஞ்சம் சங்கடம்தான்.) கட்டிய பாலம் இடிந்து விழுகிறது. கடைசியில் எல்லோரும் பங்கு பேசிக் கைகோர்க்க, உண்மையைச் சொன்ன இரண்டு பேர் ஜெயிலுக்குப் போகிறார்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிரித்துவிட்டு அந்தக் கடைசிக் காட்சிக்கு வரும்போது சட்டென்று தொண்டை அடைக்கும். கைதி உடையில் மும்பை வீதியில் நடந்து வரும் இருவரும் கேமராவைப் பார்த்து, கழுத்தை அறுப்பதுபோல் கையால் சைகை காட்டுவார்கள். அவ்வளவுதான், படம் முடிந்தது. இன்றைக்கு ஒரு காமெடிப் படத்தை இப்படி முடிக்க எந்தத் தயாரிப்பாளர் விடுவார்?

தியேட்டரில் படம் பெரிதாக ஓடவில்லை. பிறகு டிவியிலும் வீடியோ கேசட்டிலும் பார்த்துப் பார்த்துத்தான் அதற்கு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அதே அரசாங்கம் சிறந்த அறிமுக இயக்குநருக்கான தேசிய விருதையும் குந்தன் ஷாவுக்குக் கொடுத்தது. 2012-ல் என்.எஃப்.டி.சி படத்தைப் புதுப்பித்து மறுபடியும் தியேட்டர்களுக்குக் கொண்டுவந்தது.

2015 நவம்பரில் திரைத்துறையினர் பலர் சேர்ந்து தேசிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாட்டில் சகிப்பின்மை வளர்வதாகச் சொல்லி நடந்த எதிர்ப்பு அது. அந்த வரிசையில் குந்தன் ஷாவும் இருந்தார். அவர் திருப்பிக் கொடுத்தது இந்தப் படத்துக்காகக் கிடைத்த அதே விருதைத்தான். இன்றைய சூழலில் இப்படி ஒரு படத்தை எடுக்கவே முடியாது என்றும் அப்போது சொன்னார். அடுத்த இரண்டே வருடத்தில், 2017 அக்டோபரில், அவர் காலமானார்.