துருவத்தில் ஊமையாகும் ரேடியோ

ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்டிருக்கும் பூவராகப் பெருமாள் பூமியை மீட்டு நிலைநிறுத்தினார் என்பது புராணம். பூமி நிலைத்தது, அதன் வட காந்த துருவம் மட்டும் இன்னும் ஓரிடத்தில் தரிக்கவில்லை. 1831-ல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் வடகோடியில் கண்டார். இன்று அது ஸைபீரியாவை நோக்கிப் போகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வருஷத்துக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடிற்று. இப்போது சற்றே நிதானித்திருக்கிறது.

இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். 2021 ஜனவரியில் நம் நாட்டுப் பெண்மணிகளே விமானிகளாக இருந்து, ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் வழியாகப் பெங்களூருக்கு ஒரு விமானத்தைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது என்ன சாமானியமான காரியமா! பூமத்திய ரேகைக்கு நேர் மேலே நிற்கும் செய்தித் துணைக்கோள்கள் துருவத்தருகே அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். அங்கே பழைய சிற்றலை ரேடியோதான் விமானிக்கு முக்கியமான துணை.

அந்தத் துணையும் சில நாட்களில் கைவிட்டுவிடுகிறது. சூரியனில் பெருங் கொந்தளிப்பு எழும்போது வேகமாகக் கிளம்பும் புரோட்டான்களைப் பூமியின் காந்தம் துருவப் பக்கங்களில் இறக்குகிறது. அவை மேல் வாயுமண்டலத்தைத் தாக்கி மின்னேற்றம் செய்ய, சிற்றலைகள் அங்கேயே விழுங்கப்படுகின்றன. இந்த மௌனம் நாட்கணக்கில் நீடிப்பதுண்டு. 2003 அக்டோபர் மாதக் கொந்தளிப்பின்போது துருவ விமானங்கள் பல தெற்கே திருப்பிவிடப்பட்டன. நம் பக்கத்திலோ, சூரியனின் எக்ஸ் கதிர்களால் பகல் வேளையில் ரேடியோ சிறிது நேரம் அடங்கும். பிறகு தானே மீண்டுவிடும்.

துருவம் ஓடினால் ஊமைப் பிரதேசமும் கூடவே ஓடுமா? அதுதான் இல்லை. திசைகாட்டி முள் செங்குத்தாக நிற்கும் இடம், பூமியின் ஆழத்தில் உருகிய இரும்பு சிறிது புரண்டாலும் வெகுவாக நகரும். ஆனால் தொலைவிலிருந்து வரும் புரோட்டான்கள் பூமி முழுவதன் காந்த அச்சுக்கே பெரிதும் கட்டுப்படுகின்றன. அவ்வச்சின் வடமுனை இன்னும் கனடாவின் எல்ஸ்மியர் தீவுப் பக்கமே இருக்கிறது; நகர்வதும் மெதுவாகத்தான். ஆகையால் கனடாக்காரர் இப்போதைக்கு ஆறுதல் கொள்ள இடமில்லை. ஓடும் துருவத்தால் உடனே தொல்லைப்படுவது திசைகாட்டிப் படங்களே. உலகக் காந்தப் படத்தை 2019 பிப்ரவரியில் கெடுவுக்கு முன்பே திருத்த நேர்ந்தது.

காந்தத்தின் நடுக்கோடும் நகர்கிறது. 1963-ல் நம் முதல் ஆராய்ச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதற்கு அக்கோடு அருகில் சென்றதே காரணம். பின்னர் அது தெற்கே இறங்கிவிட்டது. ஸ்ரீமுஷ்ணத்துக்கு நேர் கிழக்கே, சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலும் 1957-ல் ஒரு காந்த நிலையம் அமைந்து பல்லாண்டுகள் வேலை செய்தது. இப்போது தென்கோடியில் அந்தக் கணக்கைத் திருநெல்வேலி நிலையம் எழுதிவருகிறது.