பரு போகும், வடு போகாது!

முகப்பரு வந்த பெண்ணுக்கு வைத்தியம் சொல்லாதவர்கள் உலகத்தில் உண்டோ? பாட்டி, "எல்லாம் உடம்புச் சூடு" என்பாள். அத்தை, "வேர்க்கடலையை நிறுத்து" என்பாள். எதிர் வீட்டு மாமி, "முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தானே!" என்று தீர்ப்பே சொல்லிவிடுவாள். வாசலில் கூடையை இறக்கி வைக்கும் காய்கறிக்காரி கூட, "கல்யாணம் ஆனால் சரியாப் போயிடும், தாயி" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவாள். நடுவில் நிற்கும் பெண்ணோ கண்ணாடியைப் பார்க்கவே கூசுகிறாள்.

இதில் எது நிஜம், எது வெறும் பேச்சு என்று பார்ப்போமா?

நம் தோலில் மயிர்க்கால்களை ஒட்டிச் சிறு சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தோல் வறண்டு போகாமல் காப்பது அவற்றின் வேலை. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அவற்றை முடுக்கிவிடுகிறது. ஆண்களுக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் இந்த ஹார்மோன் உண்டு. எண்ணெய் அதிகமாகச் சுரக்கிறது. உதிர வேண்டிய தோல் துணுக்குகள் மயிர்க்காலின் வாயை அடைத்துக் கொள்கின்றன. உள்ளே எப்போதும் குடியிருக்கும் ஒரு வகைக் கிருமி பெருகுகிறது. அந்த இடம் சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. இதுதான் பரு.

அழுக்கா காரணம்?

மூக்கின் மேல் கரும்புள்ளியைப் பார்த்ததும் அழுக்கு என்று நினைக்கிறோம். அது அழுக்கல்ல. தலைமயிருக்குக் கறுப்பைக் கொடுக்கும் மெலனின் என்ற நிறப்பொருளே காற்றுப் பட்டு அங்கே கறுத்திருக்கிறது. சோப்பும் நாருமாகத் தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். காரமில்லாத சோப்பினால் நாளுக்கு இரண்டு தடவை மெதுவாகக் கழுவினால் போதும்.

சூடா, சாப்பாடா?

உடம்புச் சூடுதான் காரணம் என்றால் குளிர் மிகுந்த இங்கிலாந்துப் பெண்களுக்குப் பரு வரவே கூடாதே! அங்கேயும் தாராளமாக வருகிறது. வியர்வையும் புழுக்கமும் இருக்கிற பருவைக் கொஞ்சம் அதிகமாக்கலாம், அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயம் சற்றுச் சிக்கலானது. 1969-ல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட்டையும், சாக்லேட் இல்லாத வேறொரு மிட்டாயையும் கொடுத்துப் பார்த்தார்கள். பருவில் வித்தியாசம் தெரியவில்லை. சாக்லேட் பிரியர்களுக்கு ஒரே கொண்டாட்டம்! ஆனால் அந்த மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் நிறைய இருந்தனவே என்று பிறகு மற்றவர்கள் சுட்டிக் காட்டினார்கள். இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் இனிப்பும் மைதாப் பண்டமும் சிலருக்குப் பருவை அதிகமாக்கக்கூடும் என்று பின்னால் வந்த ஆராய்ச்சிகள் சொல்லுகின்றன.

அதற்காக, தின்ற பஜ்ஜியின் எண்ணெய் நேரே முகத்தில் வந்து வழியாது. தலையில் வழிய வழியத் தடவும் எண்ணெய்தான் நெற்றியில் இறங்கி, அங்கே பொடிப் பொடியாகப் பருக்களைக் கிளப்புகிறது.

கல்யாணம் ஆனால் போய்விடுமா? தாலிக்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது! முப்பது, நாற்பது வயதிலும் பல பெண்களுக்குப் பரு வருகிறது. பருவோடு மாதவிலக்கும் தவறி, மோவாயில் மயிரும் முளைத்தால், அவசியம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்துக் கடைக் களிம்பு

"வருகிற வாரம் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் முகம் பளிச்சென்று ஆக வேண்டும்." இந்த அவசரத்தில்தான் பல வீடுகளில் விபரீதம் நடக்கிறது. சிநேகிதி சொன்னாள் என்று ஒரு ட்யூப் களிம்பை வாங்கித் தடவுகிறார்கள். அதில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து இருக்கலாம். முதலில் சிவப்பு அடங்கி, நிறமும் சற்று வெளுக்கும். மகிழ்ந்து போய் மாதக் கணக்கில் தடவினாலோ, தோல் மெலிந்து இரத்தக் குழாய்கள் தெரியும். முகத்தில் மயிர் வளரும். பரு முன்னைவிட மூர்க்கமாக வரும். நிறுத்தினால் முகம் எரியும்.

இத்தகைய 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இந்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது. சட்டம் இருந்தால் போதுமா? ட்யூபின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை நாமும் படித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பல நாளாகத் தடவி வருகிறவர்கள் டாக்டரைக் கலந்துகொண்டே நிறுத்துவது நல்லது.

எலுமிச்சம் சாறும் பற்பசையும் தோலைப் புண்ணாக்கும். நகத்தால் கிள்ளினால் சீழ் உள்ளே இறங்கி, வடு நிலைத்துவிடும்.

பிறகு எதுதான் மருந்து?

பென்ஸாயில் பெராக்ஸைடு, அடாபலீன் முதலிய நல்ல மருந்துகள் இருக்கின்றன. முதலாவது, தலையணை உறையை வெளுக்கச் செய்யும். பழைய உறையாகப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கர்ப்பிணிகள் தடவக் கூடாது. எதுவானாலும் எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும். கடுமையான பருவுக்கு டாக்டர்கள் கொடுக்கும் ஐஸோட்ரெட்டினாயின் மாத்திரையைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டால் குழந்தை அங்கக் குறையுடன் பிறக்கக்கூடும். ஆகவே அதைக் கடன் வாங்கி விழுங்குவது பெரும் ஆபத்து.

தாய்மார்களே! பெண்ணின் பரு அவள் செய்த குற்றமல்ல. கட்டி கட்டியாக, வலியோடு வருகிற பருவை, "வயசுக் கோளாறு, தானே போகும்" என்று விட்டுவிடாதீர்கள். பரு போகும்; வடு எளிதில் போகாது. வரன் பார்க்கும் வாரம் வரை காத்திராமல், இன்றே ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எதிர் வீட்டு மாமியின் தீர்ப்பைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்!