துணியே படமாகிய வணிகப் பட்டியல்

வேளாங்கண்ணிக்கு வடக்கே அணித்தாக உள்ள நாகைத் துறையினின்று கைத்தறித் துணிகள் கீழைக் கடல் நாடுகளுக்குச் சென்றமை யாவரும் அறிந்ததே. துணி வாங்குவோன் அதனை விரித்துத் தடவிப் பார்த்தே விலை பேசுவான். தொலைவில் இருப்பவனுக்குத் துணியைக் காட்டுவது எங்ஙனம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்பொருட் பட்டியல்கள் படத்தையும் எண்ணையும் நம்பின. கிளாஸ்கோ நகர் வால்டர் மாக்பர்லேன் வார்ப்பகத்தார் இரும்புத் தூண்களையும் கிராதிகளையும் வரைந்து எண்ணிட்டுக் கடல் கடந்தும் விற்றனர். இரும்புக்கு அது போதும், துணிக்குப் போதாது. நூலின் மென்மையும் நெசவின் அடர்த்தியும் விரலால் அறியத்தக்கன.

இலண்டன் இந்தியா அலுவலகத்தைச் சார்ந்த ஜான் போர்ப்ஸ் வாட்சன் இவ்விடரை 1866-இல் நேரிய வழியில் தீர்த்தார். துணியையே வெட்டித் தாளிற் பொருத்தினார். தொகுதிகள் 18, மாதிரிகள் 700. ஒவ்வொன்றுடனும் முழுத்துணியின் நீளம், அகலம், எடை, ஊர் ஆகியவற்றைக் கூறும் அச்சுச் சீட்டு உண்டு. இத்தொகுதிகள் 20 படிகளாக அமைந்தன. பிரித்தானியாவுக்கு 13, இந்தியாவுக்கு 7. எல்லாப் படிகளிலும் எண் ஒன்றே. ஆகலின் மாஞ்செஸ்டர் ஆலையாரும் இந்திய வணிகரும் ஓர் எண்ணைக் குறித்தே ஒரு துணியைப் பற்றி எழுதிக்கொள்ள இயன்றது.

தலைப்பாகை, லுங்கி, சேலை என உடுத்தும் முறை பற்றி மாதிரிகளை வகுத்தமை ஈண்டுக் கருதத்தக்கது. நம் உடை தையலின்றித் தறியிலேயே முற்றுப்பெறுவது. அதன் அழகு எங்கும் ஒருபடித்தாகப் பரவாது. கரையிலும் முந்தானையிலும் தங்கும். நடுவுடலில் ஒரு துண்டு மட்டும் வெட்டிக் காட்டினால் சேலை விளங்காது. கரை நெடுக ஓடுவதால் அதனைப் பல கூறாக்கலாம். முந்தானையோ ஒரு கோடியில் மட்டும் நிற்பது. அதனை இருபது ஏட்டுக்குப் பங்கிடுதல் எளிதன்று. உடலுக்கும் முந்தானைக்கும் உள்ள அளவுப் பொருத்தத்தை ஏடு தாங்காது. சீட்டிலுள்ள நீள அகலத்தைக் கொண்டே உய்த்துணர வேண்டும். இக்குறை இருப்பினும், துணிப்பட்டியல்களுள் இதனையே சிறந்ததாக யாம் மதிக்கின்றோம்.

நோக்கத்தை வாட்சன் மறைத்தாரல்லர். இந்தியர் விரும்புவதை அறிந்து பிரித்தானிய ஆலைகள் நெய்து விற்றல் வேண்டும் என்பதே அது. கும்பகோணம், அய்யம்பேட்டை முதலிய ஊர்களின் தறிகளில் தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் வந்த கரையமைதி போன்றன, பட்டியலில் ஏறியபின் எவரும் பார்த்துச் செய்யும் மாதிரியாயின. சீட்டு ஊரைக் கூறும். நெய்தவர் பெயரைக் கூறாது.

பிரெஸ்டன் நகர் ஹாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு படி இன்றும் உள்ளது. சோழநாட்டுக் கரைவகைகளை ஆராய்வார் தம் ஊர்ப் பழஞ்சேலைகளை அதனோடு ஒப்பிட்டுக் காணலாம்.