உங்களுக்குத் தெரியுமா? வீட்டையே கல்லூரியாக்கிய இயற்பியல் பேராசிரியர்

● ஐரோப்பாவில் இயற்பியல் பேராசிரியரான முதல் பெண், இத்தாலியின் பொலோன்யா நகரத்தைச் சேர்ந்த லாரா பாஸி. பதவி கிடைத்த ஆண்டு 1732. நியூட்டன் மறைந்து 5 ஆண்டுகளே ஆகியிருந்தன.

● பாஸி பள்ளிக்கூடம் போனதில்லை. தந்தை வழக்கறிஞர். அந்த வீட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்துபோன கயேத்தானோ தக்கோனி, பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். சிறுமியின் கூர்மையைப் பார்த்து அவரே குருவாகி, தத்துவமும் இயற்கை அறிவியலும் சொல்லிக்கொடுத்தார்.

● 1732 ஏப்ரல் 17 அன்று, நகர அரண்மனையில் பெருங்கூட்டம். 49 கருத்துகளை முன்வைத்து, பேராசிரியர்கள் தொடுத்த கேள்விகளுக்கு லத்தீனிலேயே பதில் சொன்னார் 20 வயது பாஸி. மே 12 அன்று முனைவர் பட்டம்! அதற்கு முன் ஐரோப்பாவில் பட்டம் பெற்ற பெண்ணாக நாம் அறிந்தவர், 1678இல் பாதுவாவில் பட்டம் பெற்ற எலேனா கோர்னாரோ பிஸ்கோப்பியா. பாஸியின் தலையில் வெள்ளியாலான வாகை மாலை சூட்டினார்கள். அவர் உருவம் பொறித்துப் பதக்கமும் வெளியிட்டார்கள்.

● அடுத்து நடந்ததுதான் வேதனை. அதே ஆண்டு அக்டோபரில் 500 லீரா சம்பளத்தில் பதவி கொடுத்த நகர செனட், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: பெண் என்பதால், மேலிடம் அழைக்கும்போது மட்டுமே பொது மேடையில் விரிவுரை ஆற்றலாம். விழா நாளில் விருந்தினருக்குக் காட்ட ஒரு பெண் அறிஞர் தேவைப்பட்டார். அன்றாட வகுப்பறைக்குத் தேவைப்படவில்லை.

● பாஸி சும்மா இருக்கவில்லை. 1738இல் மருத்துவரும் இயற்பியல் அறிஞருமான ஜூசெப்பே வெராத்தியை மணந்தார். மணமாகாத பெண் ஆண்களோடு அமர்ந்து அறிவியல் பேசினால் வம்பு பேசிய ஊர், மணமானபின் வாயை மூடிக்கொண்டது. 1749 முதல் வீட்டிலேயே சோதனை இயற்பியல் வகுப்பு தொடங்கினார். கருவிகளைக் கணவனும் மனைவியும் சேர்ந்து திரட்டினார்கள். மின்சாரம், ஒளி, இயக்கம் என்று நியூட்டன் வழியிலான புதிய இயற்பியலை மாணவர்கள் கண்ணெதிரே செய்துகாட்டினார். இடையில் பிள்ளைப்பேறுகள் பல. இறந்துபோன குழந்தைகளும் உண்டு. அப்போதும் வகுப்புகள் நின்றுவிடவில்லை. என்னைக் கேட்டால், வெள்ளி மாலையைவிட இந்த வீட்டு வகுப்புதான் அவருடைய பெரிய சாதனை. செனட்டும் பிறகு அதன் மதிப்பை உணர்ந்து சம்பளத்தைக் கூட்டியது. பல்கலைக்கழகத்தில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்களில் ஒருவரானார் பாஸி.

● உயிர்கள் தாமாகத் தோன்றுவதில்லை என்று சோதனைகளால் காட்டிய லாஸ்ஸாரோ ஸ்பல்லன்சானி, பாஸியின் உறவினர், அவரிடம் படித்தவர். சட்டம் படிக்க வந்தவர் அறிவியல் பக்கம் திரும்பியதில் பாஸிக்குப் பங்கு உண்டு.

● பொலோன்யா அறிவியல் கழகத்தில் உறுப்பினராக விரும்பிய பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர், சிபாரிசு கேட்டு 1744இல் கடிதம் எழுதியது பாஸிக்குத்தான். மறு ஆண்டே வோல்தேர் உறுப்பினரானார்.

● 1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட், கழகத்துக்குள் 24 அறிஞர்கள் கொண்ட சிறப்புக் குழு அமைத்தார். பாஸியின் பட்டமளிப்புக் காலத்தில் பொலோன்யாவின் பேராயராக இருந்தவர் அவர். தன்னையும் சேர்க்கும்படி பாஸி விடாமல் முயன்றார். ஆண்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் 25வது இடம் ஒன்று அவருக்காகவே உருவானது.

● ஆண்டுதோறும் கழகத்தில் ஆய்வுரை வாசித்தார். காற்றின் அழுக்கம், நீரோட்டம், இயந்திரவியல், மின்சாரம் எல்லாம் அதில் அடக்கம். அச்சில் வந்தவை நான்கே! மற்ற உரைகள் நம் கைக்கு வராதது பேரிழப்பு.

● 1776இல் சோதனை இயற்பியல் துறைத் தலைமைப் பதவி பாஸிக்கு வந்தது. உதவியாளர் யார் தெரியுமா? கணவர் வெராத்தி! ஆனால் 1778 பிப்ரவரி 20 அன்று பாஸி காலமானார்.

● வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் உண்டு. அன்டார்டிகா செல்லும் இத்தாலிய ஆய்வுக் கப்பலின் பெயரும் 'லாரா பாஸி'தான்.

● பாரிஸின் சோர்போனில் மேரி கியூரி வகுப்பெடுக்கத் தொடங்கியது 1906இல். அதற்கு 174 ஆண்டுகள் முன்பே பதவி பெற்றவர் பாஸி. ஆசிரியர்களே, வகுப்பில் கியூரியைப் பற்றிச் சொல்லும்போது இவரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.