முதலில் பில், வெல்டிங் வேண்டாம்

பழவேற்காட்டுக் குப்பங்களில் நீண்ட ஷாப்டின் முனையில் விசிறி சுழலும் லாங் டெயில் இன்ஜினைப் புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் புலம்பல் பெரும்பாலும் ஒன்றுதான்: "கைப்பிடி ஒரு பக்கமா இழுக்குதுங்க, அணியம் தண்ணிக்குள்ள குத்துது." அடுத்து என்ன செய்கிறார்கள்? கடைக்காரரிடம் போவதில்லை. நேரே பட்டறைக்குப் போய் ஸ்டாண்டை அறுத்து வெல்டிங் செய்து, ஷாப்டை நெருப்பில் காட்டி வளைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குறை பெரும்பாலும் ஷாப்டின் சாய்வில்தான் இருக்கும். நீரின் மட்டத்தோடு அது 10 டிகிரி சாய்ந்திருந்தால் உந்துதல் முழுவதும் ஏறக்குறைய முன்னோக்கியே போகும். 30 டிகிரியானால் முன்னோக்கிய விசையில் 13 சதவீதத்துக்கு மேல் போய்விடும். மொத்த உந்துதலில் பாதிக்குச் சமமான விசை படகின் பின்பக்கத்தை மேலே தூக்கும். முன்பக்கமான அணியம் அமிழ்வது அதனால்தான். சாய்வு கூடினால் கீழே இறங்கும் விசிறி இறக்கை அதிக நீரைப் பிடிக்கும், மேலே ஏறுவது குறைவாகப் பிடிக்கும். கைப்பிடி ஒரு பக்கம் இழுக்கும். சாய்வு மிகக் குறைந்தாலோ விசிறி காற்றை இழுத்து, இன்ஜின் அலறுமே தவிர படகு நகராது. மணல்திட்டில் அலை உடையும் முகத்துவாரத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

சாய்வைத் தீர்மானிக்கும் ஸ்டாண்டின் உயரத்தை, வலையும் ஆளும் ஏறிய படகு தண்ணீரில் நிற்கும்போது அளந்து வைக்க வேண்டும். கரையில் காலிப் படகில் போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகும் விற்பனையாளரின் ஆளை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

குறையைச் சொல்லப் போனால், "தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோரே கிடையாது" என்று சில விற்பனையாளர்கள் மிரட்டுவார்கள். பொய். சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிய பொருள் என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் நுகர்வோர்தான். பல படகுகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்குத்தான் சுயதொழில் என்ற இந்த வாதம் எடுபடுவது கடினம்.

இன்ஜின் எண் எழுதிய பில், வாரண்டி அட்டை, படகுப் பதிவுச் சான்றின் நகல் மூன்றையும் ஒன்றாக வையுங்கள். சுமையோடு ஓட்டி, கைப்பிடி இழுப்பதையும் அணியம் அமிழ்வதையும் வீடியோ எடுங்கள். குறையை எழுதி விற்பனையாளருக்கு சேர்ப்பித்த சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். போனில் திட்டியது சாட்சியாகாது. மானியத்தில் வந்த இன்ஜின் என்றால் ஒரு நகலைப் பொன்னேரி மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுங்கள். மனுவை வாங்கி மேஜையில் போடுவது எந்த அலுவலகத்துக்கும் சுலபம், ஆகவே முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகை கையில் வராமல் நகராதீர்கள். "மானியத்துல வந்ததுதானே" என்று யாராவது இழுத்தால், மீதிப் பணம் உங்களுடையது என்று சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சென்னையில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

மறுபடியும் சொல்கிறேன், வெல்டிங் வேண்டாம். சோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அறுத்து ஒட்டிய ஸ்டாண்டையும் வளைத்த ஷாப்டையும் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையின் தவறு எது, பட்டறையின் தவறு எது என்று அங்கே யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு காத்திருப்பதும் அதற்குத்தான்.