வாய்தாக்களுக்கு இடையில் மனம் தாங்க வேண்டும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் மனநல ஆதரவுக் குழுக்களைத் தேடுதல்

ஒரு சாதிய வன்கொடுமை நிகழ்ந்தால் சட்டம் என்ன செய்ய வேண்டும் என்பதை நாம் அறிந்திருக்கிறோம். முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் புலன் விசாரணை நடத்த வேண்டும். தீருதவித் தொகை வழங்கப்பட வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. நடைமுறையில் அந்த இரண்டு மாதங்கள் ஆண்டுகளாக நீள்கின்றன. அந்த ஆண்டுகளில் பாதிக்கப்பட்டவரின் மனத்துக்கு என்ன நேர்கிறது என்பதை நம் இயக்கங்கள் அரிதாகவே கேட்கின்றன.

திருச்சுழி, நரிக்குடி பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மாவட்ட நீதிமன்றம் இருக்கும் திருவில்லிபுத்தூருக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். வாய்தா தள்ளிப்போனால் இன்னொரு நாள். குற்றம் சாட்டப்பட்டவரோ பிணையில் வந்து அதே ஊரில், அதே பேருந்து நிறுத்தத்தில், அதே நியாயவிலைக் கடை வரிசையில் நிற்கிறார். "நெஞ்சு படபடங்குது", "சோறு இறங்கல", "ராத்திரி கண்ணு மூடல" என்றுதான் நம் மக்கள் இந்த நிலையைச் சொல்கிறார்கள். மனச்சோர்வு, பதற்றநோய் என்ற சொற்களை அவர்கள் பயன்படுத்துவதில்லை. இறுதியில் புகார்தாரர் சமரசத்துக்கு இணங்கும்போதோ சாட்சி பிறழும்போதோ, அச்சம் அல்லது பணம் என்று நாம் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். பல வழக்குகளில் அதற்கு முன்பே அந்த மனிதர் உள்ளுக்குள் தனியாக ஓய்ந்துபோயிருக்கிறார். ஆகவே மனநல ஆதரவுக் குழு என்பதை நகரத்து வசதியாக அல்லாமல், நீதிக்கான போராட்டத்தின் ஒரு பகுதியாகவே நாம் பார்க்க வேண்டும்.

குழு என்பது என்ன?

இரண்டு வகைகளை வேறுபடுத்திக்கொள்வது நல்லது. முதலாவது குழு உளச்சிகிச்சை. பயிற்சி பெற்ற ஒருவர் முன்னின்று நடத்த, ஏறத்தாழ பத்துப் பேர் குறித்த வாரங்களுக்குத் தொடர்ந்து கூடுவது. இரண்டாவது ஆதரவுக் குழு. ஒரே வகையான துன்பத்தை அனுபவித்தவர்கள் தாங்களே கூடி, ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது. முதலாவதில் சிகிச்சை உண்டு. இரண்டாவதில் தோழமை உண்டு. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

குழு உளச்சிகிச்சையின் வரலாறு ஏழைகளிடமிருந்து தொடங்குகிறது. 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், தனி மருத்துவ விடுதிகளில் தங்கிச் சிகிச்சை பெற வசதியற்ற காசநோயாளிகளை வாரந்தோறும் ஓரிடத்தில் கூட்டினார். வீட்டிலேயே நோயைக் கவனித்துக்கொள்ளும் முறையைக் கற்பிப்பதே அவர் நோக்கம். ஆனால், நோயாளிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தெம்பு பெறுவதே பெரிய பயனாக இருப்பதை அவர் கண்டார்.

இது சிற்றூர்களிலும் பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. உகாண்டாவின் 30 கிராமங்களில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், இரண்டு வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குழுக்களை 16 வாரங்கள் நடத்தினர். குழுவில் இருந்தோரிடையே மனச்சோர்வு 86 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாகக் குறைந்தது. குழு இல்லாத கிராமங்களில் அது 94இலிருந்து 54.7ஆக மட்டுமே குறைந்தது. இந்தக் குழுமுறைக்கான கையேட்டை உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்டது.

இந்தியாவில் தேவையின் அளவு பெரியது. 2015–16இல் நிமான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலுடன் வாழ்ந்தனர். நோயின் வகையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை.

தலித் மக்களுக்கு இதில் கூடுதலான ஒரு பயன் உண்டு. சாதி இழிவு என்பது தனித்தனியாக ஒவ்வொருவர் மீதும் சுமத்தப்படுவது. வகுப்பறையில் அவமதிக்கப்பட்ட மாணவர், தன்னிடம்தான் குறை இருக்கிறது என்று எண்ணத் தொடங்குகிறார். நூற்பாலை விடுதியில் இழிசொல் கேட்ட பெண்ணும் அப்படியே எண்ணுகிறார். அதே சொல்லை அதே தொனியில் கேட்ட மற்றவர்களோடு அமர்ந்து பேசும்போது, குறை எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகிறது. பகுஜன் மக்களுக்கென்றே 'ப்ளூ டான்' என்ற மனநல ஆதரவு அமைப்பு உருவானது இந்தத் தேவையிலிருந்துதான்.

எங்கே தேடுவது?

முதல் இடம் அரசு மருத்துவமனை. 1996இல் நாட்டில் தொடங்கப்பட்ட மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு இயங்க வேண்டும். வட்டார மருத்துவமனைகளுக்கும் அது வந்துபோக வேண்டும். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலும் திருச்சுழி அரசு மருத்துவமனையிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: "மனநலக் குழு எந்தக் கிழமை வருகிறது? குழுவாக அமர்த்திப் பேசும் ஏற்பாடு உண்டா?" இரண்டாவது கேள்விக்கு இல்லை என்ற விடை வந்தால், அதை எழுத்தில் பெறுங்கள். பின்னர் மனு எழுத அது பயன்படும்.

அடுத்தது, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கும் அப்பால், சுமார் 50 கி.மீ. தொலைவில் மதுரை இருக்கிறது. அங்கே அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவு உண்டு. மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில்தான் இயங்குகிறது. மனநோயிலிருந்து மீள்வோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும் நிறுவனம் அது.

குடிநோயால் சிதையும் குடும்பங்களுக்கு, 1935இல் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் கட்டணமின்றி இயங்குகின்றன. குடிப்பவரின் மனைவி, பிள்ளைகளுக்கு அல்-அனான் குழுக்கள் தனியாக உண்டு.

14416 என்ற எண்ணில், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையைத் தமிழில் எந்நேரமும் கட்டணமின்றிப் பெறலாம். உங்கள் வட்டாரத்தில் எந்த மருத்துவமனையை அணுகலாம் என்பதையும் அங்கே கேட்கலாம். தற்கொலை எண்ணம் தோன்றும் தோழர்கள் எந்தக் குழுவையும் தேடிக் காத்திருக்க வேண்டாம். உடனே இந்த எண்ணை அழையுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவருடன் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னொரு வாயில் உண்டு. 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார் என்று முதல்வரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

சட்டம் தரும் உரிமை

இவற்றைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. அந்தச் சேவை போதிய அளவில், எட்டும் தொலைவில், சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இன்றிக் கிடைக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குச் சிகிச்சை இலவசம். மனநோயாளர் தம் உரிமைகளைப் பெற இலவசச் சட்ட உதவி கோரலாம் என்கிறது 27ஆம் பிரிவு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை இதற்காக அணுகலாம். சேவையில் குறை இருந்தால் மனநல மறுஆய்வு வாரியம் வரை முறையிட 28ஆம் பிரிவு வழிசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது 115ஆம் பிரிவு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கு விசாரணைக் காலத்தில் சமூகப் பொருளாதார மறுவாழ்வையும் மருத்துவ உதவியையும் உறுதியளிக்கிறது. தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் ஆகியோரின் துணையைப் பெறுவதும் அதே பிரிவு தரும் உரிமை. மருத்துவ உதவி என்ற சொல்லுக்குள் மனமும் அடங்கும் என்று மாவட்ட ஆட்சியரிடமும் விழிப்புக் கண்காணிப்புக் குழுவிலும் நாம் வாதிட வேண்டும்.

சேவை எட்டாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அண்டை மாவட்டமே சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேரின் உயிரைத் தீ பறித்தது. மருத்துவம் கைக்கு எட்டாத குடும்பங்களின் வறுமையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

குழு ஒன்று கிடைத்துவிட்டது என்பதாலேயே அது நமக்கு ஏற்றதாகிவிடாது. முதலில், அது கூடும் இடத்தைப் பாருங்கள். நம் வட்டாரத்தில் பொது மண்டபம் என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு சாதிச் சங்கத்தின் மண்டபமாக இருக்கிறது. வாசலிலேயே "எந்த ஊர், எந்தத் தெரு" என்ற கேள்வி எழுமானால், உள்ளே மனம் திறக்காது.

இரண்டாவது, சாதியைப் பற்றிப் பேச்சு வரும்போது நடத்துபவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். "எல்லாவற்றையும் சாதியாகப் பார்க்காதீர்கள்" என்று திருத்தும் குழுவில் காயம் ஆறாது. மூன்றாவது, பேசியவை வெளியே போகாது என்ற உறுதி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லப்படுகிறதா? நான்காவது, பணம், மதமாற்றம், கட்சி உறுப்பினர் சேர்க்கை ஆகியவற்றில் எதுவும் நிபந்தனையாக இருக்கிறதா? ஐந்தாவது, ஒருவரின் நிலை மோசமானால் எந்த மருத்துவரிடம் அனுப்புவார்கள்? இதற்கு விடை இல்லாத குழுவில் சேர வேண்டாம்.

வழக்கு நடத்துவோருக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆதரவுக் குழுவில் பேசுவதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே ஒரே வழக்கின் சாட்சிகள் சம்பவத்தின் விவரங்களைக் குழுவில் சேர்ந்து அலச வேண்டாம். சொல்லிக்கொடுக்கப்பட்ட சாட்சியம் என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்க அது இடம் கொடுக்கும். தூக்கமின்மை, அச்சம், அவமானம், பிள்ளைகளின் நிலை ஆகியவற்றைத் தாராளமாகப் பேசலாம். சிகிச்சை பெற்றால் சாட்சியம் செல்லாது என்று சிலர் மிரட்டுவதுண்டு. மனநோய் இருப்பதாலேயே ஒருவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார் என்று 2017 சட்டத்தின் 3ஆம் பிரிவு தெளிவாகவே கூறுகிறது.

குழு இல்லாத ஊரில்

பெரும்பாலான சிற்றூர்களில் இன்று குழு எதுவும் இல்லை. அங்கே நாமே தொடங்க வேண்டும். 2006இல் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர், பயிற்சி தந்த பாட்டிமார்களைச் சுகாதார நிலையத்தின் மர பெஞ்சுகளில் அமர்த்தினார். தேடி வந்தவர்கள் பாட்டியிடம் சில அமர்வுகள் பேசிய பின், கைவேலை செய்தபடியே உரையாடும் பெண்கள் குழுக்களில் சேர்ந்தனர். அவர்கள் தம் துன்பத்துக்கு வைத்திருந்த பெயருக்கு 'அளவுக்கு மீறி யோசித்தல்' என்று பொருள். நம் அப்பத்தாக்களுக்கும் விளங்கும் பெயர்தான் அது.

நம்மிடம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. நூறு நாள் வேலையிடங்கள் இருக்கின்றன. அம்பேத்கர் மன்றங்களும் இரவுப் பாடசாலைகளும் இருக்கின்றன. எட்டுப் பேர் போதும். வாரம் ஒரு நாள், ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம். பெண்களுக்குத் தனிக் கூட்டம். பிறர் பேசும்போது குறுக்கிடாமை, கேட்கப்படாமல் அறிவுரை சொல்லாமை, வெளியே சொல்லாமை என மூன்று விதிகள். கடன், வசூல் பேச்சு அந்த நேரத்தில் கூடாது. நடத்துபவர் மாவட்ட மனநலக் குழுவின் சமூகப் பணியாளரிடம் அடிப்படைப் பயிற்சி கேட்டுப் பெற வேண்டும். குரல்கள் கேட்பதாகச் சொல்பவரையும், பல நாள் உண்ணாமல் உறங்காமல் இருப்பவரையும், சாவைப் பற்றிப் பேசுபவரையும் மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதைக் குழு செய்துவிட முடியாது. குழுவைக் காட்டி அரசு தன் கடமையிலிருந்து விலகவும் நாம் விடக் கூடாது. இயக்கத் தோழர்கள் இந்த மாதமே இரண்டு செயல்களைத் தொடங்கலாம். மாவட்ட மனநலக் குழு எந்தெந்த நாளில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் வந்தது, எத்தனை பேரைப் பார்த்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். நிலுவையில் உள்ள வன்கொடுமை வழக்குகளின் புகார்தாரர்களை, வாய்தா இல்லாத ஒரு நாளில் நேரில் சென்று பாருங்கள். வழக்கைப் பற்றிக் கேட்கும் முன், இரவில் உறக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.