குலுக்க எது நல்லது: பீங்கானா, எவர்சில்வரா?

வேப்பூர் வெயிலுக்கு வீட்டிலேயே எலுமிச்சை ஜூஸ், மோர், காக்டெயில் கலக்கணும்னா எந்த ஷேக்கர் வாங்கலாம்? பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர்தான். ஆனா குலுக்க எவர்சில்வரே நல்லது. ஐஸ் போட்டதும் சட்டுனு குளிரும், விழுந்தாலும் உடையாது.

இதில் ரெண்டு வகை. ‘காப்ளர்’ மூடியிலேயே வடிகட்டி இருக்கும். புதுசா பழகறவங்களுக்கு ஏத்தது. ஆனா குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கி மூடி இறுகிடும். ‘பாஸ்டன்’ ஒன்றுக்குள் ஒன்று செருகும் ரெண்டு டம்ளர். வடிகட்டி தனியா வாங்கணும்.

வாங்கியதும் தண்ணி ஊத்திக் குலுக்கிப் பாருங்க. ஒழுகினா மாத்திடுங்க.

முக்கியமா, சோடாவை உள்ளே ஊத்திக் குலுக்காதீங்க. வாயு அழுத்தத்தில் மூடி பறந்து முகத்தில் அடிக்கலாம். சோடாவைக் கடைசியா கிளாஸில் சேர்த்தா போதும்.